துவர்ப்பு தெரிந்தவர்களுக்கு ரெட் ஒயின்

நாங்கள் முதன்முதலில் ஒயின் டேஸ்டிங் வைத்த அன்று சாப்பாடும் நன்றாக இருந்தது, ஒயினும் நன்றாக இருந்தது. இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தபோதுதான் இரண்டுமே கெட்டுப்போயின.

காரைக்காலில் நண்பனின் வீட்டு மொட்டைமாடி. ஆறு பேர். அவனுடைய அம்மா காலையிலேயே நண்டு வாங்கி, வறமிளகாய் அரைத்துப் போட்டு, மசாலா ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்வரை சுண்டவைத்திருந்தார். கோப்பையில் கேபர்னே சாவின்யோன் என்ற ரெட் ஒயின். ஒரு வாய் நண்டு, ஒரு மிடறு ஒயின். முதலில் நாக்கு எரிந்தது. அப்புறம் கசந்தது. கடைசியில், நண்டில் இல்லவே இல்லாத ஒரு கவிச்சி வாடை தொண்டைவரை வந்து நின்றது. "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது மாப்ள" என்று இரண்டு பேர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

கீழே இறங்கி வந்தால் நண்பனின் அப்பாயி முற்றத்தில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்றார். சொன்னோம். பெட்டியிலிருந்து ஒரு துண்டு கொட்டைப்பாக்கை எடுத்து என் கையில் வைத்து, "இத மட்டும் மெல்லு" என்றார். மென்றேன். கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடித்தது. எச்சில் வற்றி, நாக்கு மரத்தட்டு மாதிரி ஆனது. "தொவக்குதா? இதுக்குத்தான் வெத்தலையும் சுண்ணாம்பும். ஒண்ண வச்சுத்தான் இன்னொண்ண அடக்கணும்."

ரெட் ஒயினுக்கு எந்த உணவு சேரும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் படித்தது, சுவைத்துப் பார்த்தது எல்லாம் அப்பாயி சொன்னதற்கு விரிவுரைதான். அந்த விரிவுரையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோலில் இருக்கிறது எல்லாம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும். ஒன்றை எடுத்துத் தோலை உரியுங்கள். வெளியே கருநீலம், உள்ளே சதை வெளிர் பச்சை. சாற்றைப் பிழிந்தால் அதிலும் பெரிதாக நிறமில்லை. இப்போது தோலை மட்டும் தனியாக மெல்லுங்கள், கூடவே ஒரு கொட்டையையும் கடியுங்கள். நிறமும் அங்கே, துவர்ப்பும் அங்கே.

ரெட் ஒயினின் சூட்சுமம் அவ்வளவுதான். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்க வைக்கிறார்கள். சிவப்புக்குத் தோல், கொட்டை எல்லாவற்றையும் சாற்றோடு சேர்த்து நாட்கணக்கில் ஊறவிடுகிறார்கள். ஈஸ்ட், பழச்சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. பெரும்பாலான ரெட் ஒயின்களில் அது 12 முதல் 15 சதவீதம். அந்த ஆல்கஹால் தோலிலிருந்து நிறத்தையும், டானின் என்கிற துவர்ப்புப் பொருளையும் இழுத்து வெளியே கொண்டுவருகிறது. பாக்கு, டீத்தூள், மாதுளைத் தோல், வாழைப்பூ எல்லாவற்றிலும் இருப்பது டானினின் உறவுக்காரர்கள்தான்.

டானினுக்குப் புரதத்தின் மேல் ஒட்டுதல் அதிகம். வாயில் எச்சில் வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புரதங்கள். டானின் அவற்றைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழுவழுப்புப் போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் நாம் துவர்ப்பு என்கிறோம். ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுவை என்பதைவிடத் தொடு உணர்வு என்றே வகைப்படுத்துகிறார்கள். நாமோ இதை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம், பெயரும் வைத்திருக்கிறோம், நெல்லிக்காய் கடித்த சிறுவயதிலிருந்தே அடையாளமும் தெரியும். ஒயின் பழகத் தொடங்குகிறவருக்கு இது பெரிய முதலீடு. ஒயின் என்றாலே நமக்கு அந்நியம் என்று தயங்குகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நண்பர்களைக் கூப்பிட்டால் பாட்டிலைத் திறக்கும் முன்பு ஒரு டீ பரிசோதனை வையுங்கள். டீத்தூளை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, சர்க்கரை போடாமல், பால் ஊற்றாமல் ஆளுக்கு ஒரு வாய். எல்லோர் முகமும் சுருங்கும். அதே டீயில் கொஞ்சம் பால் ஊற்றி இன்னொரு வாய். துவர்ப்பு பாதியாகிவிடும். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொண்டதால் அது உங்கள் எச்சிலை விட்டுவிட்டது. கறியும் சீஸும் ரெட் ஒயினோடு ஏன் பொருந்துகின்றன என்பதற்கு இதுவே விடை.

நம் அடுப்படியிலிருந்து

கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும். உப்பு கசப்பைக் குறைக்கும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் டெல்டா சமையலில் ரெட் ஒயினுக்கு ஏற்ற பலகாரங்கள் வரிசையாகத் தோன்றும்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாத்து. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்ந்துகொண்டு கூட்டம் கூட்டமாக வாத்து போவதைத் திருவாரூர்ப் பக்கம் பேருந்தில் போகும்போதே பார்க்கலாம். வாத்துக் கறிக்குக் கோழியைவிடக் கொழுப்பு அதிகம், வாசமும் அழுத்தம். பிரான்சில் வாத்தையும் பினோ நுவார் என்ற லேசான ரெட் ஒயினையும் சேர்த்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். நாம் அதை மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம் போட்டு, தேங்காய்ப் பாலில் வேகவைத்து, கடைசியில் வற்றவிட்டால் போதும். வறமிளகாயைக் கை விடுங்கள். நிறம் வேண்டுமென்றால் வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கினாலே வரும்.

அடுத்தது மட்டன். சுக்காவும் கோலா உருண்டையும் கச்சிதம், காரம் மட்டும் மிளகுக் காரமாக இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மிளகு தட்டிப்போட்ட உளுந்து வடையைச் சிபாரிசு செய்வேன். உளுந்தில் புரதம், பொரித்த எண்ணெய், அளவான உப்பு, மிளகு என எல்லாம் ஒரே வடையில் இருக்கின்றன. சேனைக்கிழங்கு வறுவலும், சுட்டுப் பிசைந்து நல்லெண்ணெய் விட்ட கத்தரிக்காயும் நன்றாக நிற்கும். நெய்யில் வறுத்து உப்பும் மிளகும் தூவிய முந்திரி ஒரு தட்டு இருந்தால் அது முதலில் காலியாகும். வாழைப்பூ வடை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அன்றைக்கு வேண்டாம். துவர்ப்போடு துவர்ப்பு சேர்ந்தால் பாக்கை மட்டும் மென்ற கதைதான்.

மிளகாயை ஏன் இவ்வளவு தள்ளிவைக்கச் சொல்கிறேன்? வாயில் சூட்டை உணரும் நரம்புமுனைகளை மிளகாயின் கேப்சைசின் கிளப்பிவிடுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்புமுனைகளைத்தான் எளிதில் கிளம்பும்படி ஆக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் சூடான எதுவும் பட்டிராமலேயே வாய் வெந்தது போலிருக்கும். அந்த எரிச்சலில் பழத்தின் மணம் எதுவும் தெரியாது, துவர்ப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். எங்கள் முதல் மாலையின் எரிச்சல் இதுதான். மிளகின் காரமும் அதே நரம்பைத் தொடுகிறது, ஆனால் மென்மையாக.

அந்தக் கவிச்சிக்குக் காரணம் வேறு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உலர்ந்த கடற்சிப்பிச் சதையைப் பல ஒயின்களோடு சேர்த்துப் பார்த்து, ஒயினில் இரும்புச்சத்து கூடக் கூடக் கவிச்சி நெடியும் கூடுவதைக் கண்டார்கள். கடல் உணவின் கொழுப்பை இரும்பு உடைத்துவிடுகிறது. எல்லா ரெட் ஒயினிலும் அந்த அளவு இரும்பு இருப்பதில்லை. ஆனால் பாட்டிலைப் பார்த்து அதைச் சொல்லமுடியாது. அதனால் நாகப்பட்டினத்து வஞ்சிரத்தையும் காரைக்கால் நண்டையும் வேறொரு நாளைக்கு, வேறொரு குளிர்ந்த வெள்ளை ஒயினுக்கு என்று வைத்துவிடுங்கள். இறாலுக்கும் அதே விதி.

இனிப்பு இன்னொரு கண்ணி. திருவையாற்று அசோகாவை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு இனிப்பில்லாத ரெட் ஒயினைக் குடித்துப் பாருங்கள், நல்ல ஒயின்கூடப் புளித்த தண்ணீர் மாதிரித் தெரியும். அசோகாவை முழுதாக ரசிக்க வேண்டுமென்றால் ஒயின் முடிந்த பிறகு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

எந்த ஒயின், எத்தனை

முதல் தடவைக்கு மூன்று போதும். நான்காவதைச் சுவைக்கும்போது நாக்கு களைத்துப்போய், எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும். லேசானதில் தொடங்கி அழுத்தமானதில் முடிக்க வேண்டும்.

பினோ நுவார் பிரான்சின் பர்கண்டியில் புகழ்பெற்ற திராட்சை. தோல் மெல்லியது, ஆகவே நிறமும் துவர்ப்பும் குறைவு. நம் ஊரில் விலை கூடுதல். கட்டுப்படியாகாவிட்டால் மெர்லோ வாங்குங்கள். இரண்டாவது கேபர்னே சாவின்யோன். பிரான்சின் போர்தோ பகுதியின் பிள்ளை. கேபர்னே ஃபிராங் என்ற சிவப்புத் திராட்சையும் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்தது என்பதை 1997இல்தான் மரபணுச் சோதனையில் உறுதிசெய்தார்கள். தோல் தடித்த சிறு பழம், துவர்ப்பு அதிகம். முகர்ந்தால் சில சமயம் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும், அது குறை இல்லை. மூன்றாவது ஷிராஸ். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் இதன் பெயர் சிரா, ஆஸ்திரேலியா போனதும் ஷிராஸ் ஆகிவிட்டது. நாசிக் பக்கமும் பெங்களூரை ஒட்டிய நந்தி மலைப் பக்கமும் விளையும் இந்திய ஷிராஸ் சிக்கனமான விலையில் கிடைக்கிறது. தொடங்குகிறவர்கள் அதைத் தயங்காமல் வாங்கலாம்.

ஒரு பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு, ஒரு ஒயினுக்கு 60 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு 360 மில்லி, பாதி பாட்டில்கூட ஆகாது. அந்த 60ஐயும் இரண்டாகப் பிரியுங்கள். 30 மில்லி தனியாக, 30 மில்லி உணவோடு. இந்தப் பிரிப்புதான் எனக்கு டேஸ்டிங்கின் உயிர். அதே ஒயின் வடைக்கு முன்னால் ஒன்றாகவும் வடைக்குப் பின்னால் வேறொன்றாகவும் இருப்பதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் புத்தக விதிகள் எதுவும் தேவைப்படாது. மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மது அருந்தும் வயது தமிழ்நாட்டில் 21, காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் 18. காரைக்காலில் வாங்கியதை வாஞ்சூரையோ நண்டலாற்றையோ தாண்டி நாகைக்கும் மயிலாடுதுறைக்கும் கொண்டுபோகக் கூடாது, அது குற்றம். காரைக்காலில் வாங்கினால் காரைக்காலிலேயே உட்காருங்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, நடுநடுவே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பி, 1954வரை அவர்களிடம் இருந்த ஊர் அது. இந்தக் கரைக்கு ஒயின் வந்தது அதற்கும் வெகு முன்னால். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, கடல் கடந்து ஒயின் வந்த ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

மாலை நேரம்

"ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறுங்கள்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அது ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீட்டு அறை. ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். நம் வீட்டுக் கூடம் சித்திரையில் 34 டிகிரிக்குப் போகிறது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவிதான் மூக்கில் முதலில் ஏறும். வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து பாட்டிலைக் கால் மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் சீக்கிரம் குளிரவைக்கும். மறந்து ரொம்பக் குளிர்ந்துவிட்டால் கவலையில்லை, கோப்பையை உள்ளங்கையில் ஏந்தினாலே சூடாகிவிடும்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மிச்ச இடம் மணத்துக்கு. அந்த மணம் தெரிய வேண்டுமானால் வீட்டில் வேறு மணம் இருக்கக் கூடாது. ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் மல்லிகை, அடுக்களையில் இறங்கிக்கொண்டிருக்கும் காபி டிகாஷன் எல்லாம் அன்றைக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும். எல்லாவற்றையும்விட மோசம் கொசுவர்த்தி. டெல்டாவில் அந்தி நேரத்தில் கொசு இல்லாமல் இருக்காது. மின்விசிறியை வேகமாக வையுங்கள், ஜன்னலுக்கு வலை போடுங்கள்.

துப்புவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம். பழைய வீடுகளில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வைத்த படிக்கம் பரணில் கிடக்கும், துலக்கி எடுத்து வையுங்கள். சுவைத்துவிட்டுத் துப்புவது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒயினுக்கும் ஒயினுக்கும் நடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும்.

ஊற்றியதும் வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பாருங்கள். சுழற்றுங்கள், முகருங்கள். அப்புறம் ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். மணத்துக்குப் பெயர் சொல்ல பிளாக்கரன்ட், பிளம் என்று தேடிப் போக வேண்டியதில்லை. நாவற்பழம், களாக்காய், பேரீச்சை, காய்ந்த வெற்றிலை, சுருட்டு, முதல் மழையில் நனைந்த மண் என்று நீங்கள் முகர்ந்து வளர்ந்த எதுவும் செல்லும். கிராம்பு வாசம் வருகிறதென்று யாராவது சொன்னால் அது கற்பனை இல்லை. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால், ஒயினை முதிரவைக்கும் ஓக் பீப்பாயிலிருந்தும் வருகிறது.

ஒரு விதியை மட்டும் கறாராக வையுங்கள். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போடுங்கள். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். ரெட் ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அவர்கள் எழுதினார்கள். கண் பார்த்தது மூக்கை இழுத்துக்கொண்டு போகிறது. முதலில் பேசுகிறவரின் குரலும் அப்படித்தான் மற்றவர்களை இழுத்துவிடும்.

மூன்று ஒயினையும் துப்பாமல் 60 மில்லி வீதம் குடித்தால் ஒருவருக்குள் போவது ஏறக்குறைய 18 கிராம் ஆல்கஹால். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது சட்டம். என் கணக்கு அதைவிட எளியது: கோப்பையைத் தொட்டவர் அன்றிரவு சாவியைத் தொடக் கூடாது. பாயும் தலையணையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். குடிக்காதவர் வந்தால் வற்புறுத்தாமல் மாதுளைச் சாறு கொடுங்கள். அதிலும் துவர்ப்பு இருப்பதால் வடையோடு சேர்த்துப் பார்க்கும் விளையாட்டில் அவரும் முழுதாகக் கலந்துகொள்ளலாம்.

எங்கள் இரண்டாவது மாலை தை மாதக் கடைசியில் நடந்தது. அதே மாடி, அதே ஆறு பேர். நண்பனின் அம்மா இந்தத் தடவை வாத்து வறுவல் செய்திருந்தார். கடைசியாக ஷிராஸ். எழுதி முடித்துத் தாள்களைத் திருப்பியபோது ஐந்து பேர் "மிளகு" என்று எழுதியிருந்தோம். ஒருவன் மட்டும் "நாவற்பழம், வேறொன்றும் இல்லை" என்று எழுதியிருந்தான். தன் மூக்கில் ஏதோ கோளாறு என்று அவனுக்கு முகம் வாடிவிட்டது. அவனிடம் சொன்னேன்: மிளகுக்கு அந்த மணத்தைத் தருவது ரோட்டன்டோன் என்ற பொருள். அதே பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே இல்லை. அது கோளாறு இல்லை.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தட்டிலிருந்த வாத்துத் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா எங்கம்மா வைக்கிற மிளகு ரசத்துலயும் எனக்கு ஒரு வாசம் விட்டுப்போயிருக்காடா?" என்று கேட்டான்.